பெங்கால் கப்பலின் பின்தளப் படம் தேவை (1942)

வணக்கம். அன்றைய இந்தியக் கடற்படையின் எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் (பக்கவாட்டு எண் ஜே243) என்ற கண்ணிவாரிக் கப்பலின் (கடலில் போட்ட வெடிகண்ணிகளை அகற்றும் கப்பல்) சேவை வரலாற்றைத் தொகுத்து வருகிறோம். சிட்னி காக்கட்டூ தளத்தில் கட்டிய பாதர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கண்ணிவாரி வகை. 1942 நவம்பர் 11 அன்று கோக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, டச்சு எண்ணெய்க் கப்பல் ஒண்டினாவுக்குத் துணையாகப் போகும்போது இரண்டு ஜப்பானியக் கப்பல்களிடம் மாட்டியது. அதில் ஹோக்கோக்கு மாரு மூழ்கியது. தீர்த்துக்கட்டிய குண்டு யாருடையது என்பதில் டச்சுத் தரப்பும் நம் தரப்பும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. அந்தச் சண்டையை இங்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்!

வேண்டியவை இரண்டு. சண்டைக்குப் பின் இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியா போய்ச் சேரும்வரை உள்ள கப்பல் பதிவேட்டுப் பக்கங்கள் ஒன்று. அடுத்தது பின்தளப் படம்: ஒரோபெசா மிதவை (கண்ணிவாரும் கம்பியின் நுனியைத் தாங்கி மிதப்பது), அதன் தாங்கி, கம்பி வின்ச் தெரிய வேண்டும். ஓரத்தில் இழுபடும் அந்தக் கம்பி கண்ணியின் நங்கூரக் கயிற்றை அறுக்கும், மேலே மிதந்து வரும் கண்ணியைத் துப்பாக்கியால் சுடுவார்கள். அந்தச் சாமான்கள் எங்கே இருந்தன என்று தெரியாமல் பின்பாதியை வரைய முடியவில்லை.

படம் அனுப்புமுன் பக்கவாட்டு எண்ணைப் பாருங்கள். இதே வகையில் மற்ற மூன்று கப்பல்கள்: மெட்ராஸ் ஜே237, பஞ்சாப் ஜே239, பம்பாய் ஜே249. நான்கும் ஒரே அச்சு என்பதால் தலைப்பு மாறிப்போன படங்கள் நிறைய. முன்தளத்தில் 4 அங்குலப் பீரங்கி இருந்தால் இன்னும் கவனம்: சண்டையின்போது பெங்காலில் இருந்தது 12 பவுண்டர் என்ற சிறிய பீரங்கிதான்.