பில் போடும் கம்ப்யூட்டரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, அவசரம்

கடைக்காரன்: நேற்று வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இன்று எதைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. நாளை 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி, அதாவது மாத வரிக் கணக்கு, போட்டாக வேண்டும். யாராவது உடனே சொல்லுங்கள்.

வேலன்77: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? எந்த விண்டோஸ்? ஜாதகம் பார்க்கக்கூடப் பிறந்த நேரம் கேட்பார்கள் சார்.

நெல்லை_சிவா: வைரஸ்தான். ஃபார்மட் அடித்துவிடுங்கள்.

மீனா_டி: ஐயோ, கணக்கெல்லாம் போய்விடும், வேண்டாம். கீழே வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

கடைக்காரன்: டெஸ்க்டாப், விண்டோஸ் 10. தேதி 1-1-2013. ஒரு வாரமாகவே காலையில் அப்படித்தான் வருகிறது, பில்லில் மட்டும் கையால் திருத்திக்கொள்வேன். நெட் பக்கம் இன்றுதான் போனேன்.

பழைய_போர்டு: இதற்குப் பெயர்தான் 'ஒரு குறையும் இல்லை'யா? தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. உங்கள் பெட்டி 2013இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அது இன்னும் பிறக்கவே இல்லை, பிறகு எப்படி நம்பும்? மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்திருக்கும். இப்போதைக்குத் தேதியைத் திருத்தி வேலையை முடியுங்கள், பேட்டரியை அப்புறம் மாற்றலாம். இரவில் சுவர் சுவிட்சையும் அணைக்கிறீர்களா?

கடைக்காரன்: போன வாரத்திலிருந்து. இடி மின்னல் என்று வீட்டில் சொன்னார்கள்.

பழைய_போர்டு: அதுதான். சுவிட்ச் போட்டே கிடந்தவரை கடிகாரம் கரண்டில் ஓடியது. பேட்டரி எப்போதோ செத்திருக்கும், இப்போதுதான் தெரிகிறது.

நெல்லை_சிவா: அப்படியானால் அணைக்கவே கூடாதா? கரண்ட் பில்லை நீங்கள் கட்டுவீர்களா?

மீனா_டி: அணைப்பதுதான் சரி அண்ணா. மின்னல் இறங்கினால் போர்டே போகும். பேட்டரி டீ, வடை காசுதான்.

வேலன்77: மின்னலுக்கு சுவிட்ச் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

நெல்லை_சிவா: தினமும் பிடுங்கினால் சாக்கெட் லூசாகிவிடும், அதற்கு யார் பொறுப்பு?

கடைக்காரன்: பேட்டரி மாற்றினேன். இப்போது திரையே வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது!!

நெல்லை_சிவா: நான் அப்போதே சொன்னேன், ஃபார்மட்.

பழைய_போர்டு: திரையே வராத பெட்டியில் எதை ஃபார்மட் அடிப்பது தம்பி? கடைக்காரரே, கை பட்டு ராம் (போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை) அசைந்திருக்கும். கரண்டை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள், பொன்னிற ஓரத்தை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள், 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

கடைக்காரன்: வந்துவிட்டது. 3பி போட்டாச்சு. நன்றி.

புதியவன்_09: எனக்கும் இதே பிரச்சினைதான், நேற்று வரை நன்றாக ஓடியது. அவசரம்.