‘டாக்டர் ஃபாஸ்டஸ்’: எந்தப் பதிப்பை வாசிப்பது?

கேள்வி (நகரி):
ஐயன்மீர், முதுகலை ஆங்கிலத்தில் கிறிஸ்டோபர் மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகம் எனக்குப் பாடமாக உள்ளது. நூலகத்தில் எடுத்த பதிப்பும் தோழியின் பதிப்பும் பல காட்சிகளில் ஒத்துப்போகவில்லை. எதை நம்பிப் படிப்பது?

மறுமொழி (சித்தூர்):
இரண்டும் சரியானவையே. மார்லோ 1593-இல் இறந்தார். நாடகமோ 1604-இல்தான் அச்சேறியது. 1616-இல் வந்த மற்றொரு பாடத்தில் (அச்சு வடிவத்தில்) பல நூறு வரிகள் கூடுதலாக உள்ளன. அரங்க உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோ 1602-இல் இரு எழுத்தாளர்களுக்கு நான்கு பவுண்டு கொடுத்துச் சேர்க்கைகள் எழுதுவித்ததை அவருடைய கணக்கேடே சொல்கிறது. மேடையில் இறைவன் பெயரை இழிவாக ஆள்வதைத் தடுத்த 1606-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், 1616 பாடத்தில் சில சொற்கள் மென்மையானதன் காரணம் விளங்கும். முதல் வாசிப்புக்கு 1604 பாடமே செறிவானது என்பது என் கருத்து.

மறுமொழி (புத்தூர்):
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்நாடகங்கள் அந்நியமானவை அல்ல. மார்லோ கால இலண்டன் மேடையிலும் பெண் வேடத்தை ஆண்களே, பெரும்பாலும் சிறுவர்களே, ஏற்றனர். வரைந்த திரைகள் இல்லாத மேடையில் இடத்தையும் பொழுதையும் பேச்சே உருவாக்கியது. நம் கூத்து விடிய விடிய நடக்கிறது. இலண்டனின் திறந்தவெளி அரங்குகளிலோ பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டே நள்ளிரவைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. ஆகவே, சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபாஸ்டஸ், கெடு முடியும் நள்ளிரவுக்கு முன், கடிகாரம் பதினொன்று அடித்தபின் தனியே புலம்பும் இறுதிப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு மணி நேரம் சில நிமிடங்களாகச் சுருங்குவதைச் செவியே உணரும்.