புது கேசினோ ரிசார்ட்டில் 2 ராத்திரி: சூதாடாத குடும்பம் போகலாமா?

மழைக்காகம்:

ஆபீஸ் குலுக்கலில் எனக்குப் பரிசு விழுந்திருக்கு. புதுசா திறந்த ஒரு கேசினோ ரிசார்ட்டில் 2 ராத்திரி, காலைச் சாப்பாட்டோட. படத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்குது. கூரையெல்லாம் கண்ணாடி, ஜன்னலோரம் குளியல் தொட்டி. நானும் கணவரும் சீட்டைக் கையால் தொட்டதில்லை. 9 வயசுப் பையன் வர்றான், கூடவே என் தம்பியும். தம்பி கதை கொஞ்சம் வேற. போன வருஷம் போனில் சீட்டாடிக் கையைச் சுட்டுக்கிட்டான். இப்ப விட்டாச்சுன்னு சொல்றான்.

பையனை உள்ளே விடுவாங்களா? பரிசுன்னு சொல்லிட்டு அங்கே போனதும் பணம் பிடுங்குவாங்களா? ஆடாதவங்களுக்கு அங்கே என்னதான் வேலை? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

கணக்குப்புலி:

ஆடாட்டி ஒரு பிரச்சினையும் இல்லை. ஆடித்தான் பார்ப்போம்னு கணவருக்குக் கை அரிச்சா இதை மட்டும் சொல்லுங்க. பந்து உருட்டுற ரூலெட் சக்கரத்தில் பூஜ்யம் எத்தனைன்னு எண்ணணும். ஒரு பூஜ்யம்னா 37 கட்டம், போடுற பணத்தில் சராசரியா 2.7% கேசினோக்காரனுக்கு. ரெண்டு பூஜ்யம்னா 38 கட்டம், 5.26%. மூணு பூஜ்யம் வெச்ச சக்கரமும் வந்தாச்சு, அதில் 7.69%. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் "3-க்கு 2" மேசையில் 10 கட்டி பிளாக்ஜாக் (முதல் ரெண்டு சீட்டிலேயே 21) விழுந்தா லாபம் 15 வரும், "6-க்கு 5" மேசையில் 12 தான். பார்க்க ரெண்டும் ஒரே பச்சைத்துணி மேசைதான். பக்காரா சீட்டாட்டத்தில் "டை" (ரெண்டு பக்கமும் சமம்னு கட்டுறது) பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க, 8 மடங்கு தர்ற மேசையில் 14 சதவீதத்துக்கு மேல போயிடும்.

ராத்திரி டூட்டி:

நான் 11 வருஷம் ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்தவன். அதில் 4 வருஷம் கேசினோ உள்ள இடத்தில், ராத்திரி ஷிப்ட். வேலையை விட்டபிறகு போன மாசம்தான் இப்படி ஒரு புது ஹோட்டலில், பேர் வேண்டாம், மனைவியோட 2 ராத்திரி விருந்தாளியா தங்கினேன். கவுண்டருக்கு ரெண்டு பக்கமும் நின்னவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

முதலில் பையன். சில இடத்தில் ஆடுற தளம் தனியா, வாசலில் அடையாள அட்டை பார்த்துத்தான் விடுவாங்க. 18 வயசா 21 வயசான்னு நாட்டுக்கு நாடு மாறும். அங்கே பையன் அந்தப் பக்கமே வரவேண்டியதில்லை. வேற சில இடத்தில் லிஃப்ட், ரெஸ்டாரன்ட், வாசல் எதுக்குப் போகணும்னாலும் அந்தத் தளத்தைத் தாண்டித்தான் போகணும். குழந்தையோட நடந்து போகலாம், நிக்க விடமாட்டாங்க. இதை இப்பவே போன் பண்ணிக் கேளுங்க. நாங்க தங்கினது ரெண்டாவது ரகம். ஒரு பாட்டில் தண்ணி வாங்கப் போன மனைவி 20 நிமிஷம் கழிச்சு வந்தா. "வழி தெரியலை, எல்லா வழியும் மெஷினுக்குத்தான் போகுது"ன்னா.

அடுத்தது பணம். செக்-இன் பண்ணும்போது கார்டில் ஒரு தொகையை பிளாக் பண்ணுவாங்க. கிரெடிட் கார்டுன்னா லிமிட் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டுன்னா உங்க சொந்தப் பணம் முடங்கும், செக்-அவுட் ஆகியும் பேங்க் விடுவிக்க சில நாள் ஆகும். அதனால டெபிட் கார்டை நீட்டாதீங்க. அப்புறம் ரிசார்ட் ஃபீன்னு ஒண்ணு. நீச்சல் குளம், வைஃபை, ஜிம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தனியா போடுவாங்க, நீங்க குளத்தில் கால் நனைக்காட்டியும். பரிசுக் கூப்பனில் இது அடங்குதான்னு எழுத்தில் வாங்கி வெச்சுக்கோங்க. நான் கவுண்டரில் இருந்தப்ப அதிகமா சண்டை வந்தது இதுக்குத்தான்.

அறையில் இருக்கிற மினிபாரை, அதான் பானம் வெச்ச குட்டி ஃபிரிட்ஜை, தொடவேண்டாம். தொடவேண்டாம்னா குடிக்கவேண்டாம்னு இல்லை, நிஜமாவே தொடவேண்டாம். பல இடத்தில் தட்டில் சென்சார் இருக்கும். பாட்டிலை எடுத்துச் சில நொடி வெளியே வெச்சா கணக்கில் ஏறிடும். எனக்கு இது தெரியும், மனைவிக்குச் சொல்ல மறந்துட்டேன். அவ சொட்டு மருந்தை வைக்க இடம் பண்ண ரெண்டு பாட்டிலை நகர்த்தினா, பில்லில் ரெண்டு பாட்டில் வந்துடுச்சு. சொன்னதும் பில்லில் அடிச்சுக் கழிச்சுக் கொடுத்தாங்க, ஆனா வரிசையில் 25 நிமிஷம் நின்னேன். பில்லை முந்தின நாள் ராத்திரியே கேட்டு வாங்குங்க. நடுராத்திரிக்கு மேல கவுண்டரில் கூட்டம் இருக்காது, அங்கே இருக்கிற ஆள் தாராளமா பேசுவான். அனுபவத்தில் சொல்றேன்.

அறை, சொல்லக்கூடாது, அருமை. படுக்கையில் விழுந்ததும் உடம்பு மறந்துபோச்சு. ஆனா அழகுக்காக எல்லாத்தையும் ஒரு டேப்லெட்டில் அடக்கி வெச்சிருக்காங்க: விளக்கு, ஏசி, திரைச்சீலை. ராத்திரி 2 மணிக்கு விளக்கைப் போடப் போய் திரைச்சீலை முழுக்கத் திறந்துடுச்சு. குளியலறைக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி. கல்யாணமாகி 20 வருஷம் ஆனவங்களுக்குப் பரவாயில்லை. நீங்க பையனையும் தம்பியையும் ஒரே அறையில் போடப் போறீங்கன்னா மறைக்கிற திரை இருக்கான்னு கேட்டுக்கோங்க. லிஃப்டுக்குப் பக்கத்து அறையும், அடுத்த அறைக்கு நடுக்கதவு உள்ள அறையும் வேண்டாம்னு சொல்லுங்க. நடுக்கதவு இருந்தா பக்கத்து ஆள் தும்மினாக்கூடக் கேட்கும். நைட் கிளப்புக்கு மேல் தளமும் வேண்டாம். புது ஹோட்டலில் பாதி இடம் திறந்திருக்காது, அதையும் விசாரிங்க. வேலையாட்கள் தங்கமானவங்க, ஆனா அவங்களுக்கே வழி தெரியாது.

கடைசியா தம்பி. இதைத் தள்ளிப்போட்டு எழுதறேன், ஏன்னா எழுதப் பிடிக்கலை. ராத்திரி 3 மணி, 4 மணிக்கு ஆடித் தோத்தவங்க என் கவுண்டருக்கு வருவாங்க. முகத்தைப் பார்க்காம, மேசையில் இருக்கிற பேனாவைப் பார்த்துக்கிட்டே கேட்பாங்க: "நாளை ராத்திரிக்குக் கட்டின பணத்தைத் திருப்பித் தரமுடியுமா? நான் இப்பவே கிளம்பிடறேன்." விதிப்படி முடியாது. முடியாதுன்னு நான்தான் சொல்லணும். அதில் ஒருத்தரும் "எனக்கு இந்தப் பழக்கம் இருக்கு"ன்னு சொன்னதில்லை. எல்லாரும் விட்டாச்சுன்னு சொன்னவங்கதான். தம்பி வரத்தான் வேணும்னா, தன்னை உள்ளே விடாதீங்கன்னு தானே எழுதிக் கொடுக்கிற ஏற்பாடு பல நாட்டில் உண்டு, சில நாட்டில் குடும்பத்தாரும் கேட்கலாம். மெம்பர் கார்டு கொடுத்து இலவசச் சாப்பாடு தர்றோம்பாங்க. நீங்க எவ்வளவு கட்டறீங்க, எத்தனை நேரம் ஆடறீங்கன்னு பார்த்து, சராசரியா எவ்வளவு தோற்பீங்கன்னு கணக்குப் போட்டு, அதில் ஒரு துண்டைத் திருப்பித் தர்றதுதான் அந்த இலவசம். அந்த கார்டை வாங்கவே வேண்டாம்.

டிங்டாங்:

எல்லாம் சரி, அங்கே தூங்காம இருக்க ஆக்ஸிஜன் பம்ப் பண்றாங்களாமே? கடிகாரமும் ஜன்னலும் கிடையாதாம்.

செங்கல்:

ஆக்ஸிஜன் சுத்தக் கட்டுக்கதை. அத்தனை பேர் சிகரெட் பிடிக்கிற இடத்தில் ஆக்ஸிஜனைக் கூட்டினா தீ பிடிச்சாச் சும்மா விடாது. புகையை இழுக்கப் பெரிய மெஷின் ஓடும், வாசனை கலந்து விடுவாங்க, அவ்வளவுதான்.

கடிகாரம், ஜன்னல் இல்லாதது பழைய பாணி. பில் ஃப்ரீட்மன்னு ஒரு கேசினோ வடிவமைப்பு ஆலோசகர், தாழ்வான கூரை, வளைஞ்ச வழி, மெஷினைத் தவிர கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாதுன்னு வாதாடினவர். அதுக்கு நேரெதிர் ரோஜர் தாமஸ். 1998-ல் லாஸ் வேகஸில் திறந்த பெல்லாஜியோ கேசினோ ஹோட்டலின் உள்ளலங்காரம் அவர் கைவண்ணம். அங்கே வரவேற்பறைக் கூரையில் சுமார் 2,000 கண்ணாடிப் பூ தொங்குது, டேல் சிஹூலிங்கிற கண்ணாடிச் சிற்பி செஞ்சது. மழைக்காகம் சொல்ற கண்ணாடிக் கூரை இந்தப் பரம்பரைதான். மூச்சு முட்டினா ஆள் வெளியே ஓடிடுவான், சுகமா இருந்தா உட்கார்ந்துடுவான். எனக்கென்னவோ ரெண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமான பொறின்னு தோணுது. ஆனா ஆடாம சும்மா பார்க்கப் போறவங்களுக்கு அது இலவசக் கண்காட்சி. காலை 7 மணிக்கு எழுந்து சுத்திப் பாருங்க, கூட்டமே இருக்காது. மேசைப் பக்கம் மட்டும் போட்டோ எடுக்காதீங்க, ஆள் வந்து நிப்பாங்க.

மழைக்காகம்:

எல்லாருக்கும் நன்றி. போன் போட்டேன். ஆடுற தளம் தனிதான், பையன் அந்தப் பக்கம் போகவேண்டாம். ரிசார்ட் ஃபீ கூப்பனில் இல்லை, நாமதான் கட்டணுமாம். மெயிலில் எழுதி வாங்கிட்டேன். நீச்சல் குளம் நாங்க திரும்பி வந்ததுக்கு அடுத்த வாரம்தான் திறக்குதாம்! பையன் அழுதான்.

தம்பியை ராத்திரி டூட்டி அண்ணன் எழுதினதைப் படிக்கச் சொன்னேன். படிச்சான், ஒண்ணும் பேசலை. சாயங்காலம் வந்து, "அக்கா, எனக்குப் பதில் அத்தையைக் கூட்டிட்டுப் போ"ன்னான். ஏன்னு நான் கேட்கலை. அத்தைக்கு இப்பவே பெட்டி கட்டியாச்சு.

அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். அந்த டேப்லெட்டை ராத்திரி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா விளக்கைப் போட வேற சுவிட்ச் இருக்குமா? அத்தை ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பாங்க.

ராத்திரி டூட்டி:

கட்டிலுக்குப் பக்கத்தில், கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நான் கண்டுபிடிச்சது செக்-அவுட் பண்ற காலையில்.