சரக்கை முதலிலேயே வாங்குவதா, விற்ற பிறகு காசு கொடுப்பதா?

ரோஸ்ஹில் மாறன்:
மொரீஷியஸில், கியூர்பிப் ஊரில் நாம் நடத்தும் கைவினைக் கடை விஷயமாக இந்த மாதக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். வராதவர்களுக்காக எழுதுகிறேன். இப்போது செய்கிறவர்கள் பொருளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். விற்றால் கடை 35 விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. விற்காவிட்டால் அவரவர் பொருளை அவரவர் எடுத்துப்போக வேண்டியதுதான். இதை மாற்றி, சரக்கை வாங்கும்போதே காசு கொடுத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. வாடகைக்கே மூச்சு முட்டுகிறது, முதலுக்கு எங்கே போவது என்பது இன்னொரு கட்சி. என் ஓட்டு முதல் கட்சிக்கு. சண்டை போடுங்கள், ஆனால் ஆளைப் பார்த்துப் போடாதீர்கள்.

தாழைமடல்:
நான் வாக்வா இலையில் தாந்த் என்கிற பை பின்னுகிறவள், அதனால் என் கட்சி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. வாக்வா நம் தாழைக்குப் பங்காளி. இலையின் இரண்டு ஓரத்திலும் முள், அடிப்பக்கம் நடு நரம்பிலும் முள். அதைச் சீவி, கீற்றாகக் கிழித்து, வேகவைத்து, காயவைத்து, கத்தியின் முதுகால் இழுத்து நீவினால்தான் வளையும். பின்னுவது அதற்கு அப்புறம். இவ்வளவும் செய்து கடையில் வைத்துவிட்டு, தைப்பூசம் போய்ச் சித்திரையும் வந்துவிடும், காசு வராது. கியூர்பிப் ஈரம் எல்லாருக்கும் தெரியும். அடியில் பூஞ்சை பிடித்துப் பை திரும்பி வந்தால் யார் நஷ்டம்? என் நஷ்டம். எடுத்து ஒரு தடவை வெயில் காட்டாத கடைக்கு ஒன்றுமில்லை.

கணக்கன்:
பூஞ்சைக்குக் கடைதான் பொறுப்பு, அதை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். அதில் மறுபேச்சில்லை. ஆனால் விலையைப் பாருங்கள் அக்கா. ஒரு தாந்த் 700 ரூபாய்க்கு விற்றால் இப்போது உங்கள் கைக்கு 455 வருகிறது. முன்கூட்டியே வாங்கும் கடை, தேங்கப்போகும் சரக்கையும் கணக்கில் போட்டு 350-க்கு மேல் கொடுக்காது. இரண்டு மடங்கு வைத்து விற்றால்தான் அதற்குக் கட்டும்.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்கும் கடை விற்கும் என்று தெரிந்ததை மட்டும்தான் வாங்கும். புதிதாக ஒரு பெண் தேங்காய் ஓட்டில் கம்மல் செய்து கொண்டுவந்தால் இப்போது, சரிம்மா, ஓரமாக வை, பார்ப்போம் என்கிறோம். நாளைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் நாட்டின் எல்லையை மூடினார்கள், முழுசாகத் திறந்தது 2021 அக்டோபர் 1. நல்லவேளை அப்போது நம் கடை இல்லை. முதல் முழுக்கச் சரக்கில் முடங்கிய கடை அதைத் தாங்கியிருக்காது.

தாழைமடல்:
455 விற்றால்தானே வரும்! அதுவரை கடைக்கு நாங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? எல்லை மூடினால் கடையின் முதல் முடங்கும் என்கிறீர்கள். இந்த முறையில் முடங்குவது எங்கள் முதல். முடங்குவது நின்றுவிடவில்லை, ஆள்தான் மாறுகிறது.

போர்லூயி செல்வம்:
இரண்டு பேரும் இல்லாத பணத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். ஒரே ஒரு அலமாரியில் மடகாஸ்கரிலிருந்து வரும் ராஃபியா நார்ப் பை வையுங்கள். அதில் வரும் லாபத்தில் அக்காவின் தாந்தை ரொக்கம் கொடுத்து வாங்கலாம். 2019-இல் வந்த பயணிகள் 13 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் பின்ன நம்மிடம் கை ஏது?

ரோஸ்ஹில் மாறன்:
பையில் மடகாஸ்கர் என்று எழுதி ஒட்டுவீர்களா செல்வம்?

போர்லூயி செல்வம்:
கேட்டால் சொல்வோம். யார் கேட்கிறார்கள்?

ரோஸ்ஹில் மாறன்:
அதனால்தான் வேண்டாம் என்கிறேன். உள்ளூர்த் தயாரிப்பு என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் 2013-இல் மேட் இன் மோரிஸ் முத்திரையே கொண்டுவந்தார்கள். 250 ரூபாய் ராஃபியா பக்கத்தில் 700 ரூபாய்த் தாந்த் தொங்கினால் அது விலைகூடிய பையாக மட்டும்தான் தெரியும். பயணிகளை மட்டும் நம்புவதும் சரியில்லை. 2016 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததே, பசாருக்குத் தாந்த் தூக்க நம் சனத்துக்கு அதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? பார்க்கத் துணி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

போர்லூயி செல்வம்:
என் கடையில் ராஃபியாதான் வாடகை கட்டுகிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மோக்கா மாணவி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். உலக நியாய வணிக அமைப்பின் விதியில், கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுத்தால், செய்கிறவர் கேட்கும்போது குறைந்தது பாதியை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நாமும் எப்போதும் போகிற சரக்குக்கு ஆர்டர் போட்டுப் பாதிக் காசு முன்னால் கொடுக்கலாமே. கணக்கன் ஐயா சொன்ன கம்மல் மாதிரிப் புதுசுக்கு மட்டும் பழைய முறை.

கணக்கன்:
பாதி என்றால் யோசிக்கலாம். ஆனால் அந்தப் பாதி வானத்திலிருந்து விழாது. கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து ஆளுக்கு ஒரு பங்கு போடலாம். கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு 1913-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, சிறு கரும்பு விவசாயிகள் அதை வைத்துத்தான் கடன்காரனிடமிருந்து தப்பினார்கள்.

தாழைமடல்:
எங்கள் காசையே வாங்கி எங்களுக்கே முன்பணம் கொடுப்பீர்களா? நல்ல கணக்கு!

கணக்கன்:
உங்கள் காசு மட்டும் இல்லை அக்கா. பின்னுகிறவர்கள் பத்துப் பேர் என்றால் பின்னாதவர்கள் முப்பது பேராவது பங்கு போட வேண்டும். உள்ளூர்ப் பொருளை ஆதரிக்கிறோம் என்று கூட்டத்தில் கைதட்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். செல்வம், உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?

போர்லூயி செல்வம்:
ராஃபியாவுக்கு அலமாரி கிடையாது, பங்குக்கு மட்டும் நான் வேண்டுமா? சரி, எவ்வளவு என்று சொல்லுங்கள். அப்புறம் பார்க்கலாம்.