60 வயதுக்குள் மறுமணம் செய்தால் முன்னாள் கணவர் வழிப் பணம் போய்விடுமா?

கேள்வி:
நாங்கள் இருப்பது அமெரிக்காவில். அக்காவுக்கு 58 வயது. 14 வருடம் வாழ்ந்து விவாகரத்து ஆனது, முன்னாள் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். இப்போது அக்காவுக்கு மறுமணம் பேசி முடித்திருக்கிறோம். முன்னாள் கணவர் கணக்கிலிருந்து சோசியல் செக்யூரிட்டி (அரசு தரும் ஓய்வூதியம்) வருமா, கல்யாணம் ஆனால் நின்றுவிடுமா? மாப்பிள்ளையும் விவாகரத்தானவர்தான். அவருடைய 401கே-யில் (வேலை வழி ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு) இன்னும் முதல் மனைவி பெயர்தான் நாமினியாக இருக்கிறதாம், கேட்டால் "அவங்களுக்கு உரிமை இல்லைன்னு கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கு, அது போதும்" என்கிறார். போதுமா?

பதில் 1:
கல்யாணம் 10 வருடமாவது நீடித்திருக்க வேண்டும், அது சரியாக இருக்கிறது. ஆனால் 60 வயதுக்கு முன்னால் மறுமணம் செய்தால், அந்தக் கல்யாணம் இருக்கும்வரை முன்னாள் கணவர் வழிப் பணம் கிடையாது (உடல் ஊனமுற்றவர்களுக்கு மட்டும் வயது வரம்பு 50). 60 ஆன பிறகு செய்தால் ஒரு பாதிப்பும் இல்லை. 60-லேயே வாங்கினால் முன்னாள் கணவருக்கு உரிய தொகையில் 71.5 சதவீதம்தான், முழுசாக வேண்டுமென்றால் 67 வரை பொறுக்க வேண்டும். அக்கா வேலை பார்த்தவராக இருந்தால் இதை முதலில் வாங்கிக்கொண்டு, தன் சொந்த வேலைக்கான சோசியல் செக்யூரிட்டியை 70 வரை வளரவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

பதில் 2:
மாப்பிள்ளை சொல்வது தப்பு, போதவே போதாது. டுபாண்ட் கம்பெனி ஊழியர் ஒருவர் விஷயத்தில் இதேதான் நடந்தது. முன்னாள் மனைவி தீர்ப்பில் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார், ஆனால் அந்த ஊழியர் நாமினி படிவத்தை மாற்றாமலேயே இறந்துபோனார். படிவத்தில் உள்ள பெயருக்குத்தான் பணம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சுமார் 4 லட்சம் டாலர், மகளுக்குப் போகவில்லை.

கேட்டவர்:
ஐயோ. அப்போ 60 வரை தள்ளிப்போட்டால்?

பதில் 2:
தள்ளிப்போட்டால்தான் இந்தப் படிவம் இன்னும் முக்கியம். கல்யாணம் ஆகிவிட்டால் 401கே தானாகவே மனைவிக்குத்தான், அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வேறு யாருக்கும் போகாது (சில திட்டங்களில் ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும்). அதற்கு முன்னால் அவருக்கு ஏதாவது ஆனால் பணம் முதல் மனைவிக்கே போகும். இப்போது அவர் தனி ஆள், இன்றைக்கே அக்கா பெயரை எழுதலாம், யார் சம்மதமும் தேவையில்லை. ஆனால் தீர்ப்பில் முதல் மனைவிக்கு ஏதாவது பங்கு ஒதுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 1:
ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) வைத்திருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். 401கே-யில் மனைவிக்குத் தானாகக் கிடைக்கும் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது, கல்யாணம் ஆன பிறகும் பெரும்பாலும் படிவம்தான் பேசும்.