மறுமொழி: லாங்குவேஜ் நெஸ்ட் – மொழிக்கூடமா, மொழிக்கூடா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா இழையைப் படிச்சிட்டுதான் இருக்கேன், எழுத இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது. லாங்குவேஜ் நெஸ்ட்டுக்கு, அதாவது வழக்கு குறையுற மொழியைப் பெரியவங்க சின்னப் பிள்ளைங்களோட பேசியே கைமாத்துற இடத்துக்கு, தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு கேட்டிருந்தீங்க. இதுவரைக்கும் மொழிக்கூடம், மொழித்தொட்டில், மழலை மொழிப்பள்ளின்னு மூணு வந்திருக்கு. மூணுலயும் எனக்கு மனசு ஒட்டல. மொழிக்கூடுன்னே வச்சிரலாம்.

முதல்ல ஒன்னு, இது இங்கிலீஷ்ல பொறந்த சொல்லே இல்ல. நியூசிலாந்தோட பூர்வகுடிங்களான மாவோரி மக்கள் வச்ச பேரு கோஹங்கா ரேயோ. கோஹங்கான்னா பறவைக்கூடு, ரேயோன்னா மொழி. 1982ல வெலிங்டன் பக்கத்துல வைநூயோமாட்டாங்கிற ஊர்ல முதல் கூட்டைத் தொடங்குனாங்க. அப்போ மாவோரி சரளமா பேசுனவங்க பெரும்பாலும் வயசானவங்கதான், நடுவுல இருந்த அப்பா அம்மா தலைமுறைக்கு மொழி கைவிட்டுப் போயிருச்சு, அதனால அந்தத் தலைமுறையைத் தாண்டி பாட்டி தாத்தாவையும் பள்ளிக்கூடம் போற வயசு ஆகாத பிள்ளைங்களையும் ஒரே இடத்துல சேத்து, சாப்பாடு ஊட்டுறது, பாட்டு, அழுகை, சமாதானம் எல்லாமே மாவோரிலதான்னு வச்சாங்க. பத்துப் பன்னெண்டு வருஷத்துல 800 கூடு தாண்டிருச்சு. அதைப் பாத்து 1984ல ஹவாயோட கவாயி தீவுல பூனானா லேயோ வந்துச்சு, பூனானான்னாலும் கூடுதான். ஃபின்லாந்தோட வடக்குல இனாரி பக்கம் வாழுற சாமிங்கிற பூர்வகுடிங்களோட மொழி இனாரி சாமி, அதைப் பேசுறவங்க சில நூறு பேர்தான், அவங்க 1997ல தொடங்குனாங்க, ஃபின்னிஷ்ல அதுக்குப் பேரு கியெலிபெசா. பெசான்னாலும் கூடு. அவங்கவங்க மொழில கூட்டுக்கு என்ன சொல்வாங்களோ அதையே எடுத்துக்கிட்டிருக்காங்க, நாம மட்டும் ஏன் கூடத்துக்குப் போகணும்?

கூடம்னாலே பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும், கரும்பலகை, வருகைப்பதிவு, பரீட்சை. கூட்டுல வளந்த பிள்ளைங்க சாதாரண பள்ளிக்கூடத்துக்குப் போனதும் மொழி நழுவுதுன்னு பாத்து மாவோரிங்க 1985ல தனியா பள்ளியே தொடங்குனாங்க, அதுக்கு கூரா கௌபாபா மாவோரின்னு வேற பேரு. கூரான்னா பள்ளி. கூடங்கிற சொல்லை இப்பவே இதுக்குக் குடுத்துட்டா அப்புறம் அதுக்கு என்ன வைப்போம்? தொட்டில்னா ஒத்தப் பிள்ளை தூங்குற இடம். கூட்டுல நாலு குஞ்சு வாயைத் திறந்துட்டு இருக்கும், பெருசு கொண்டாந்து வாய்க்கு வாய் ஊட்டும். இங்க நடக்குறது அதேதான்.

> கூடுன்னா அடைச்சு வைக்கிற மாதிரி இருக்கே

அது கூண்டுங்க. கூட்டுல இருந்து பறக்கத்தான் செய்யும்.

> மொழிக்கூட்டில்னு வந்தா கூட்டு, கூட்டமைப்புன்னு குழம்பாதா

நியாயமான கேள்வி, நானும் நாலஞ்சு வாக்கியம் எழுதிப் பாத்தேன். குருவிக்கூட்டுல, தேன்கூட்டுலன்னு சொல்றப்ப யாரும் குழம்புறதில்ல. மொழிக்கூட்டுப் பணியாளர்னு தொகையா வர்றப்பதான் இடிக்குது, அங்க மொழிக்கூடுகளின் பணியாளர்னு பிரிச்சு எழுதிட்டா போச்சு.

ஆனா என் பெரிய கவலை சொல்லைப் பத்தி இல்ல, வரையறையைப் பத்தி. இழைல போட்டிருக்கிற வரையறைல "ஆங்கிலம் கலக்காமல்"னு இருக்கு. அதைக் கண்டிப்பா மாத்தணும். போன மே மாசம் ஊட்டி பக்கம் ஒரு தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடிங்களோட சின்ன குடியிருப்புக்கு, போயிருந்தேன். வாசல்ல ஒரு பாட்டி வெள்ளைத் துணில சிவப்பும் கறுப்புமா பூ வேலை போட்டுட்டு இருந்தாங்க, கோடு எதுவும் வரையாம இழையை எண்ணி எண்ணியே போடுறாங்க, எண்ணுறது தோடர் மொழில, பக்கத்து வீட்டம்மாகிட்ட பேசுறதும் அதுலதான். பேத்தி ஓடி வந்து மடில விழுந்தா, ஊசியைத் தள்ளி வச்சிட்டு "சாப்பிட்டியா கண்ணு"ன்னு கேட்டாங்க. தமிழ்ல. பிள்ளையும் தமிழ்லயே பதில் சொல்லுச்சு. பள்ளிக்கூடம், பஸ்ஸு, டிவி எல்லாம் தமிழா இருக்கிறப்ப அந்தப் பாட்டியைக் குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல, ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நியூசிலாந்துல இங்கிலீஷ் நிக்கிற இடத்துல, இனாரில ஃபின்னிஷ் நிக்கிற இடத்துல, நீலகிரில நம்ம தமிழ்தான் நிக்குது. யுனெஸ்கோ அட்லஸ்ல தோடர் பேசுற தோடாவும் நீலகிரிலயே கோத்தர் பேசுற கோத்தாவும் ரொம்ப மோசமான ஆபத்துல இருக்கிற மொழிங்க பட்டியல்ல இருக்கு. தோடால உருட்டுற ரகரம் மட்டும் வாய்க்குள்ள மூணு இடத்துல வரும், புத்தகம் போட்டு அதைக் குடுக்க முடியாது, பாட்டி வாயில இருந்து பிள்ளை காதுல விழுந்தாதான் உண்டு.

அதனால என் முன்மொழிவு இப்படி:

மொழிக்கூடு (பெயர்ச்சொல்) – வழக்கு குறைந்துவரும் மொழியை, அதைச் சரளமாகப் பேசும் மூத்தோர், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளோடு அன்றாடம் பழகிப் பேசியே கைமாற்றும் இடம்; சுற்றிலும் வழங்கும் பெரிய மொழி அங்கே பேசப்படாது.

பெரிய மொழின்னு பொதுவா வச்சா நீலகிரிக்கும் பொருந்தும், இனாரிக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டு வாக்கியத்துல தமிழையே பெரிய மொழியா காட்டலாம், அதுல நாம சங்கடப்பட வேண்டியதில்ல. இன்னொன்னு, இது தமிழ்ல எழுதுறவங்களுக்கான சொல். ஒரு மந்துல இப்படி ஒன்னு தொடங்குனா அதுக்குப் பேரு அவங்க மொழில அவங்கதான் வைக்கணும், குறிப்பில் அதையும் ஒரு வரி சேத்துருங்க.

மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா விக்சனரிங்கிற இணைய அகராதில ஏத்திடுறேன். மாவோரிச் சொற்களோட பலுக்கல்ல (உச்சரிப்புல) பிழை இருந்தாலும் திருத்துங்க.