யீஷிங் டீ பாட்ல ஷூ பாலிஷ் வாடை, பழசா புதுசான்னு தெரியல

வணக்கம் மக்களே. போன மாசம் சிங்கப்பூர் சைனாடவுன் பக்கம் ஒரு பழைய சாமான் கடைல யீஷிங் (சீனாவுல களிமண் டீ பாட்டுக்குப் பேர் போன ஊர்) களிமண் டீ பாட் ஒண்ணு 180 வெள்ளிக்கு வாங்கினேன், 1970கள்ல யீஷிங் ஒண்ணாம் நம்பர் ஃபேக்டரில செஞ்சதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஊலாங் டீ போட இப்படி ஒரு பாட் வேணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஷுய்பிங் வடிவம் (மூக்கு நுனி, வாய், பிடி மூணும் ஒரே மட்டத்துல இருக்கும்), சிவப்பு மண்ணு, 120 மில்லி பிடிக்கும். அடில சதுர முத்திரை, 'சீனா யீஷிங்'னு நாலு சீன எழுத்து. மூக்கு உள்பக்கம் ஒத்த ஓட்டைதான், பழைய பாட்ல அப்படித்தான் இருக்கும், ஆனா அதையும் முத்திரையையும் இப்ப அப்படியே காப்பி அடிக்கறாங்க.

பிரச்சனை என்னன்னா, சுடுதண்ணி ஊத்தின உடனே ஷூ பாலிஷ் மாதிரி ஒரு வாடை தூக்குது. வெள்ளைத் துணி வெச்சு மூடிக் குமிழை சுத்தித் துடைச்சா பழுப்பா மெழுகு மாதிரி ஒட்டுது.

மூணு தடவ அரைமணி நேரம் கொதிக்க வெச்சேன், ஒரு ராத்திரி பேக்கிங் சோடால ஊறப் போட்டேன், ரெண்டு வாரம் ஜன்னலோரம் திறந்தே வெச்சேன். சோப்பு மட்டும் போடல, க்ளேஸ் (கண்ணாடி மாதிரி பூச்சு) இல்லாத மண்ணு, அந்த வாசனையை உள்ள இழுத்துக்கும். வாடை பாதிதான் குறைஞ்சுது. கடைக்காரர் பழைய டீ கறைங்கறார், டீ கறை இப்படி நாறாது.

இது பழசா காட்டறதுக்காக பாலிஷ் பூசின புது பாட்டா, இல்ல நிஜப் பழசு மேலயே யாரோ பூசி விட்டதா, எதை வெச்சு கண்டுபிடிக்கறது?